பல்கலைக்கழக வானொலியும் ஊராரின் குரலும்: அண்ணாமலைநகரை முன்வைத்து

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சமுதாய வானொலி நிலையத்தை நடத்துகிறது. 1929இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகத்துக்கு வேளாண் புலமும், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் உயராய்வு மையமும் உண்டு. சுற்றியிருப்பவர்கள் நெல் விவசாயிகள், மீனவர்கள், பிச்சாவரம் உப்பங்கழிகளில் இறால் பிடிக்கும் இருளர்கள். அறிவும் தேவையும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடம் அரிது. இரண்டுக்கும் இடையே பேச்சு எந்தத் திசையில் போகிறது என்பதே இத்தகைய நிலையங்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி.

உரிமத்தின் வரலாறு

வானலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2002இல் அரசு வகுத்த கொள்கை கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம் அளித்தது. அதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் மையங்களுக்கும் 2006இல்தான் கதவு திறந்தது. இந்த வரிசையால் பல்கலைக்கழக வானொலியில் ஒரு குழப்பம் தங்கிவிட்டது. 'சமுதாயம்' என்பது வளாகத்துக்குள் இருக்கும் மாணவர்களா, மதிலுக்கு வெளியே இருக்கும் ஊராரா?

2006 வழிகாட்டு நெறிகள் இதற்கு விடை சொல்கின்றன. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும். நிர்வாக அமைப்பு அச்சமுதாயத்தைப் பிரதிபலிக்க வேண்டும். ஆனால் பங்கேற்பு என்ற சொல் நெகிழ்வானது. பேராசிரியர் உரையின் முடிவில் ஒரு விவசாயி கேட்கும் கேள்வியும் கணக்கில் சேர்ந்துவிடும். என்ன பேசுவது என்பதை அந்த விவசாயி தீர்மானித்தாரா என்று கணக்கு சொல்லாது.

இரண்டு மொழிகள்

வானிலை அறிக்கை காற்றைத் திசையாலும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தாலும் சொல்கிறது. கரையில் அதே காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பெயர்கள். எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், எந்தக் காற்றில் வலை இழுக்கக் கூடாது என்ற அறிவும் அப்பெயர்களோடு சேர்ந்தே இருக்கிறது. ஆய்வாளரும் மீனவரும் ஒரே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்தால், அது இருவருக்கும் பாடம். ஆய்வாளர் மட்டும் பேசினால் அது வகுப்பறையின் நீட்சி.

வயலுக்கும் இது பொருந்தும். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. அந்த ஏரி வயலுக்கும் பாய்கிறது, சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. மடை எப்போது திறக்கும் என்பது கடைமடை விவசாயிக்குப் பயிர் விளக்கத்தைவிட அவசரமான செய்தி. இதைக் கேட்டுச் சொல்லும் வானொலியை அவர் தினமும் திருப்புவார்.

எல்லையும் பேரிடரும்

சமுதாய வானொலியின் ஆற்றல் வரம்பு 100 வாட். அது சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை எட்டும். கிள்ளையும் பிச்சாவரமும் இந்த எல்லைக்குள் வரும். 40 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடலூர் நகரம் வராது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் ஆகிய மூன்றையும் கண்டது கடலூர் மாவட்டம். 2015 வெள்ளத்தை ஒட்டிக் கடலூரில் பேரிடர் கால வானொலி ஒன்றைத் தனியே அமைக்க நேர்ந்தது. ஆபத்து வந்தபின் நிலையத்தை எழுப்பிவிடலாம். அதன் மீதான நம்பிக்கையை அப்படி எழுப்ப முடியாது. தினமும் கேட்டுப் பழகிய குரல் சொன்னால்தான் மக்கள் வீட்டைவிட்டு வெளியேறுவார்கள்.

மதிப்பீடு

பல்கலைக்கழக உடைமையை மட்டுமே குறையாகச் சொல்வது நியாயமாகாது. கட்டடம், மின்சாரம், சம்பளம், தொழில்நுட்பர் எல்லாம் அங்கே உண்டு. விளம்பர வருவாய்க்குக் கட்டுப்பாடு உள்ள துறையில் இது பெரும் பலம். 2016இல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே தொடங்கிய 'கடல் ஓசை' போன்ற நிலையங்களுக்கு இந்தப் பின்பலம் இல்லை. ஆனால் யாருக்காகப் பேசுகிறோம் என்ற ஐயமும் அவற்றுக்கு இல்லை.

ஆகவே பல்கலைக்கழக வானொலியை ஒலிபரப்பும் மணிநேரத்தால் அளப்பது போதாது. வளாகத்துக்கு வெளியே எத்தனை பேர் ஒலிப்பதிவு செய்யக் கற்றார்கள்? ஆலோசனைக் குழுவில் மீனவப் பெண்ணும் விவசாயக் கூலியும் இருக்கிறார்களா? தேர்வு விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போனபின் நிகழ்ச்சியை யார் நடத்துகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு 'ஊரார்' என்று பதில் வந்தால், அது சமுதாய வானொலி.