தோல் வேண்டும், நாக்கு வேண்டாம்

மேட்டுப்பாளையம் லாரி முனையத்துப் பக்கம் ஒரு டீக்கடை. கல்கி கோச்லின் தமிழில் பேசும் பேட்டி ஒன்றைத் தன் போனில் காட்டினார் பக்கத்திலிருந்தவர். “பாருங்க சார், வெள்ளைக்காரி, நம்மள மாதிரியே பேசுது. நம்ம பாண்டிச்சேரிப் பொண்ணு” என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சந்தோஷம் உறுத்த ஆரம்பித்தது. அதே தமிழை ஒரு கறுத்த பெண் திரையில் பேசினால் நாம் போனை எடுத்துக் காட்டுவோமா? இந்தக் கேள்வியோடுதான் கல்கியின் திரை வாழ்க்கையை வாசிக்க வேண்டியிருக்கிறது.

1984இல் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தவர் கல்கி. ஆரோவில்லிலும் பிறகு ஊட்டிக்கு அருகே கல்லட்டியிலும் வளர்ந்தார். ஈஃபில் கோபுரத்தை வடிவமைத்த பொறியாளர்களுள் ஒருவரின் வம்சம். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் நாடகம் படித்து மும்பைக்கு வந்தவருக்கு 2009இல் அனுராக் காஷ்யப்பின் ‘தேவ் டி’ முதல் படம். அந்தரங்க வீடியோ வெளியாகி, குடும்பத்தால் கைவிடப்பட்டு, பாலியல் தொழிலுக்கு வந்து சேரும் பெண். 2010இல் வெனிஸ், டொரன்டோ விழாக்களுக்குப் போன ‘தட் கேர்ள் இன் யெல்லோ பூட்ஸ்’ படத்தில் தகப்பனைத் தேடி வந்து, முறையான அனுமதியின்றி மசாஜ் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்.

இரண்டு பாத்திரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு சட்டகம் தெரியும். மும்பை சினிமாவின் சொல்லாடலில் வெள்ளை உடல் என்பது வீடற்றது, தகப்பன் பெயரற்றது, ஆகவே யாரும் தொடக்கூடியது. இந்துக் குடும்பத்துப் பெண்ணின் மீது ஏற்ற முடியாத இச்சையை இந்த உடலின் மீது ஏற்றிவிடலாம். ஆனால் கல்கி அந்தச் சட்டகத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. யெல்லோ பூட்ஸின் திரைக்கதையில் அவரும் ஓர் எழுத்தாளர். பாலியல் வன்முறைக்குப் பெண்ணையே குற்றவாளியாக்கும் மனோபாவத்தைக் கிண்டலடித்த 2013ஆம் ஆண்டு காணொளி ஒன்றிலும் அவர் முகம் இருந்தது. தன் மீது எழுதப்பட்டதைத் திருப்பி எழுத முயன்றவர் என்று இதைச் சொல்லலாம்.

சர்வதேச அங்கீகாரம் வந்தது ஷோனாலி போஸ் இயக்கிய ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’ (2014) மூலம். பெருமூளை வாதம் உள்ள மாணவி லைலா, தன் உடலின் ஆசையைத் தானே கண்டுபிடிக்கும் கதை. டாலின் விழாவில் சிறந்த நடிகை. 2015இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது. மாற்றுத் திறனாளிப் பெண்ணுக்கும் காமம் உண்டு, அவள் இன்னொரு பெண்ணையும் காதலிக்கலாம் என்று இந்தியத் திரையில் சொன்னது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் படப்பிடிப்பு முடிந்ததும் எழுந்து நடந்துபோக முடிந்தவர். விளிம்பின் உடலை மையத்தின் உடல் நடித்துக் காட்டும்போதுதான் பரிசு கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். 2019இல் ‘நேர்கொண்ட பார்வை’யில் ஒரே ஒரு பாட்டுக்கு வந்தார். 2020இல் ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் ஆணவக் கொலை பற்றிய ஒரு பகுதியில் நடித்தார். அப்போது அவருக்கு வயது 36. 2025இல் ‘நேசிப்பாயா’. தமிழ் தெரிந்த நடிகைக்குத் தமிழ் சினிமாவில் கிடைத்த இடம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

வெள்ளைத் தோல் நமக்கு ஆகாது என்பதல்ல காரணம். 2010இல் ‘மதராசபட்டினம்’ படத்தில் ஆங்கிலேயப் பெண்ணாக வந்த எமி ஜாக்சனை 2015இல் ‘ஐ’ படத்தில் தியா என்ற நம்மூர்ப் பெண்ணாகவே ஆக்கினோம். குரல் வேறொருவருடையது. அதாவது தோல் வேண்டும், நாக்கு வேண்டாம். வடக்கிலிருந்து வரும் சிவந்த நாயகிகளுக்கு இரவல் குரல் கொடுத்துப் பழகிய தொழில் இது. சொந்தக் குரலோடு வருகிற வெள்ளைப் பெண் அதற்கு ஒரு சங்கடம்தான்.

எங்க ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தோலும் தேசமும் பொருந்தாத மனிதர்களோடுதான் வாழ்கிறோம். கன்னங்கரேலென்று இருக்கும் சொல்தா தாத்தா பிரான்சின் குடிமகன். பென்ஷன் அங்கிருந்து வரும், ஓட்டும் அந்த நாட்டுத் தேர்தலில் போடுவார். பார்த்துப் பழகிய இந்த உண்மையை நாம் திரையிடம் கேட்பதில்லை. மஞ்சள் சுவரும் கடற்கரைச் சாலையும் படமாக்கப்பட்டால் போதும் என்றிருக்கிறோம்.

நாக்கு இருந்து, அந்தத் தோல் இல்லாதவர் என்ன ஆனார்? காளீஸ்வரி சீனிவாசன் சென்னையில் மேடை நாடகத்தில் இருந்தவர். ழாக் ஓதியாரின் ‘தீபன்’ படத்தில் யாழினியாக நடித்தார். முன்பின் தெரியாத ஒருவனுக்கு மனைவியாகவும் ஒரு குழந்தைக்குத் தாயாகவும் நடித்துக்கொண்டு பிரான்சுக்குள் நுழையும் ஈழ அகதி. பெரும்பாலும் தமிழ் பேசும் அந்தப் படத்துக்கு 2015இல் கான் விழாவின் தங்கப் பனை கிடைத்தது. மறு ஆண்டு பிரான்சின் சேசர் விருதுக்கு, சிறந்த நடிகர் பட்டியலில் ஷோபாசக்தியின் பெயர் இருந்தது. நடிகையர் பட்டியலில் காளீஸ்வரியின் பெயர் இல்லை. அதன் பிறகு தமிழ் வணிக சினிமாவின் நாயகியாகவும் அவர் ஆகவில்லை. டீக்கடையில் அவர் பெயரைச் சொன்னேன். “யாரு சார் அது?” என்றார்கள்.

1987இல் காங் சூ-யோன் வெனிஸிலும், 2007இல் ஜியோன் டோ-யோன் கானிலும் சிறந்த நடிகை விருது வாங்கினார்கள். இருவருமே கொரியப் படங்களில், கொரிய இயக்குநர்களிடம், தங்கள் மொழியில் நடித்து வாங்கியவர்கள். நம்மவர்களுக்கோ அங்கீகாரம் பாரிஸ் வழியாகவோ மும்பை வழியாகவோதான் வர வேண்டியிருக்கிறது.

கல்கி தமிழ் பேசுவதில் சந்தோஷப்படுவதை நான் தப்பென்று சொல்லவில்லை. அவர் இந்த மண்ணில் பிறந்தவர், அந்த உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் பாதி தமிழுக்கானது, மீதிப் பாதி தோலுக்கானது. சாதியையும் நிறத்தையும் பற்றி எழுதுகிற, மேடை போடுகிற நாமாவது அந்த இரண்டாவது பாதியைப் பிரித்துப் பார்க்க வேண்டாமா? அடுத்த முறை டீக்கடையில் பேச்சு வந்தால் யாழினியின் காட்சியை என் போனில் காட்டுவதாக இருக்கிறேன். எத்தனை பேர் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள் என்று பார்க்கலாம்.