எல்லா அட்டைக்கும் திறக்கும் கதவு

அலுவலகக் கதவுகளுக்கு ரீடர் விற்க வருகிறவர்கள் சொல்வதில் மிகவும் எடுபடுவது, “எந்த அட்டையாக இருந்தாலும் இது படிக்கும்” என்ற வாசகம். பத்து வருடத்துப் பழைய அட்டை, நேற்று அச்சடித்த அட்டை, கைபேசி, எல்லாவற்றுக்கும் ஒரே கருவி. வாங்குகிற அட்மின் அதிகாரிக்கு இதைவிட ஆறுதலான சேதி கிடையாது. நாலாயிரம் பேரை வரிசையில் நிறுத்திப் புது அட்டை கொடுக்கும் தலைவலி தள்ளிப்போகிறதே! மல்டி-டெக்னாலஜி ரீடரின் பலமும் கோளாறும் இந்தத் தள்ளிப்போடுதலில்தான் இருக்கின்றன.

ஒரே கட்டடத்துக்குள் இத்தனை வகை அட்டை சேர்ந்த கதையை முதலில் பார்த்துவிடலாம். மிகப் பழைய தலைமுறை 125 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. அட்டைக்குள் பேட்டரி இல்லை. ரீடரின் காந்தப்புலத்துக்குள் வந்ததும் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிடும். கேட்பது யார் என்று அது பார்ப்பதில்லை. பார்க்க வழியும் இல்லை. சொல்கிற எண்ணும் பெரியதல்ல. உலகெங்கும் பரவிய 26 பிட் வடிவத்தில் 8 பிட் கட்டடக் குறியீட்டுக்கு, 16 பிட் அட்டை எண்ணுக்கு, மிச்சம் 2 பிட் சரிபார்ப்புக்கு. குறியீடு 0 முதல் 255 வரை, அட்டை எண் 0 முதல் 65,535 வரை, அவ்வளவுதான். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் வைத்திருக்கும் அதே எண், வேறு ஊரில் வேறொருவர் கழுத்திலும் தொங்கிக்கொண்டிருக்கலாம். நகலெடுக்கத் தனித்திறமை வேண்டாம். டி5577 சில்லுள்ள வெற்று அட்டையும் ஒரு கையடக்கக் கருவியும் இருந்தால் சில விநாடி வேலை.

அடுத்த தலைமுறை 13.56 மெகாஹெர்ட்ஸுக்குப் போனது. 1994இல் மிக்ரான் நிறுவனம் கொண்டுவந்து, பின்னர் பிலிப்ஸ் கைக்குப் போன மைஃபேர் கிளாசிக், தனக்குள் இருப்பதைக் காட்டும் முன் ரீடரிடம் சாவியைக் கேட்டது. சாவியின் நீளம் 48 பிட். கிரிப்டோ-1 என்ற அதன் மறையீட்டு முறையை நிறுவனம் வெளியில் சொல்லவில்லை. கார்ஸ்டன் நோலும் ஹென்ரிக் பிளாட்ஸும் சில்லை அடுக்கடுக்காகச் சீவிப் படமெடுத்து அந்த ரகசியத்தைப் பிரித்து, 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் ஹேக்கர் மாநாட்டில் விளக்கினார்கள். மறுவருடம் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாக்குதலை விரிவாக எழுதி வெளியிடப் போனபோது, பிலிப்ஸிலிருந்து பிரிந்த என்எக்ஸ்பி நிறுவனம் தடை கேட்டு நீதிமன்றம் போனது. ஆர்ன்ஹெம் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நிறுவனத்துக்கு நட்டம் வருமானால் அது குறையுள்ள சில்லைச் செய்து விற்றதால் வருவது, கட்டுரையால் அல்ல என்பது நீதிமன்றத்தின் பார்வை. அந்த நாட்டின் அரசுக் கட்டடங்களிலேயே அந்த அட்டை புழங்கியதால் அங்கே காவலைக் கூட்டவேண்டியதாயிற்று.

அதன் பிறகு 128 பிட் ஏஇஎஸ் மறையீடு கொண்ட டெஸ்ஃபயர் வகை அட்டைகள் நிலைபெற்றன; 2020இல் இவி3 பதிப்பு வந்தது. ஆனால் உடைந்த அட்டை ஒழிந்துபோகவில்லை. 2024 மார்ச்சில் சாஃப்லாக் ஹோட்டல் பூட்டுகளின் ஓட்டை வெளியானபோது, முப்பது லட்சம் பூட்டுகள் பாதிக்கப்பட்டவை என்றார்கள். அவற்றின் அட்டை அதே மைஃபேர் கிளாசிக்தான். அட்டை உலகத்தில் எதுவும் ஓய்வு பெறுவதில்லை போலிருக்கிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் மல்டி-டெக்னாலஜி ரீடர் தேவையிலிருந்து பிறந்த கருவி என்பதை மறுக்க முடியாது. சென்னை ஓஎம்ஆரில் பல நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத்துச் சுழல்கதவு கட்டட உரிமையாளருடையது. ஏழாம் மாடிக் கதவு வாடகை நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தின் தலைமையகம் வெளிநாட்டில் இருந்து, தன் ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே வகை அட்டை என்று முடிவு செய்திருந்தால், இங்கே வேலை பார்ப்பவர் கழுத்துப் பட்டையில் இரண்டு அட்டையோடு அலைய வேண்டும். இரண்டு நிறுவனங்கள் இணையும்போதும் இதே சிக்கல். கீழே இரண்டையும் படிக்கும் ரீடர் ஒன்று இருந்தால் தீர்ந்தது.

மாற்றக் காலத்தில் இதன் பயன் இன்னும் தெளிவு. அறுபது கதவு, நாலாயிரம் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வார இறுதிகளில் ரீடர்களை மாற்றிவிடலாம். அட்டைகளைத் துறைவாரியாக, புகைப்படம் எடுத்து, அச்சடித்து, கையெழுத்து வாங்கி நிதானமாகக் கொடுக்கலாம். இந்த ரீடர் இல்லாவிட்டால் எல்லா அட்டையையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும், அல்லது ஒவ்வொரு கதவிலும் பழையது ஒன்று புதியது ஒன்று என்று இரண்டு ரீடர் மாட்ட வேண்டும். இந்த அளவில் எனக்கு அதன்மேல் எந்தப் புகாரும் இல்லை.

புகார் தொடங்குவது மாற்றக் காலம் முடியாமல் நீளும்போது. முன்வாசலுக்குத் தேக்குக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைக்குத் தட்டியைச் சாத்தி வைத்த வீடு போல ஆகிவிடுகிறது. பழைய அட்டையை ரீடர் ஏற்கிறது என்றால், அந்தக் கதவின் பலம் பழைய அட்டையின் பலம்தான். புது அட்டை எத்தனை பேரிடம் இருந்தாலும் இது மாறாது. இன்னும் நுணுக்கமான ஆபத்து ஒன்று உண்டு. புது அட்டை கொடுக்கும்போது கணினிப் பதிவுகளை மாற்ற அலுப்புப்பட்டு, பழைய எண்ணையே புது அட்டைக்குள்ளும் எழுதிவிடுவார்கள். மறையீடு எல்லாம் முடிந்தபின், கதவைத் திறப்பதா என்று முடிவு செய்யும் கன்ட்ரோலருக்கு ரீடர் அனுப்புவதும் அந்த எண்ணைத்தான். ஆகவே எண் தெரிந்தவர் புது அட்டையின் மறையீட்டோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. அதை ஒரு வெற்றுப் பழைய வகை அட்டையில் எழுதி நீட்டினால் போதும். ரீடர் மனமுவந்து படிக்கும். கன்ட்ரோலருக்கு வந்து சேர்வது வெறும் எண் என்பதால் எந்த வகை அட்டையிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. எண்ணை எப்படித் தெரிந்துகொள்வது என்கிறீர்களா? பல அட்டைகளின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

விற்பனைத் தாளில் ஒளிந்திருக்கும் இன்னொரு பள்ளம் இதைவிட மோசம், பேசப்படுவதும் குறைவு. ரீடர் ஓர் அட்டையைப் படிப்பதில் இரண்டு நிலை உண்டு. ஒவ்வொரு 13.56 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்கும் தொழிற்சாலையில் இட்ட வரிசை எண் இருக்கிறது. அது பூட்டுக்கு வெளியே தொங்குவது. உரையாடலின் தொடக்கத்திலேயே சாவி கேட்காமல் எவருக்கும் அட்டை அதைச் சொல்லிவிடும். சாவி போட்டுத் திறந்தால்தான் கிடைக்கும் தகவல் வேறு, உள்ளே இருப்பது. மலிவான பல ரீடர்கள் மைஃபேர், டெஸ்ஃபயர் எல்லாம் படிக்கும் என்று பட்டியல் போடும்போது, படிப்பது வெளியே தொங்கும் வரிசை எண்ணை மட்டும்தான். அப்போது விலை கொடுத்து வாங்கிய இவி3 அட்டையின் ஏஇஎஸ் ஒருநாளும் வேலைக்கு வருவதில்லை. பாதுகாப்பில் அது 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைக்குச் சமம், ஏனென்றால் வரிசை எண்ணை விரும்பியபடி மாற்றி எழுதக்கூடிய அட்டைகளும் சந்தையில் கிடைக்கின்றன. 7 பைட் வரிசை எண்ணை 26 பிட்டுக்குள் திணிக்க வால்பகுதியை வெட்டும் அமைப்புகளில் இரண்டு பேருக்கு ஒரே எண் வந்துவிடவும் இடமுண்டு. கைபேசியிலோ இந்த வழி சுத்தமாக அடைபடும்: பெரும்பாலான கைபேசிகள் நீட்டும்போதெல்லாம் புதிது புதிதாக ஓர் எண்ணைச் சொல்லும். கொட்டேஷன் பார்க்கும் அதிகாரி கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை வகை அட்டை படிக்கும் என்பதல்ல. ஒவ்வொரு வகையிலும் எதைப் படிக்கும் என்பதே.

சாவி யார் கையில் என்பது அடுத்த கேள்வி. எச்ஐடி நிறுவனத்தின் முதல் தலைமுறை ஐகிளாஸ் அட்டைகளில் வழக்கமான வகை ரீடர்கள் எல்லாம் ஒரே சாவியைப் பகிர்ந்துகொண்டன. 2010இல் மிலோஷ் மெரியாக்கும் பிளாட்ஸும் ரீடரின் உட்சில்லிலிருந்து அதை உருவிக் காட்டினார்கள். ஒரு ரீடர் உடைந்தால் அத்தனை கட்டடமும் உடைந்த கணக்கு. நிறுவனமே தன் சாவியை உருவாக்கி வைத்துக்கொண்டால் இந்தப் பொது ஆபத்து போகும். ஆனால் அது ஒப்பந்தக்காரரின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால், அவரை மாற்ற நினைக்கும் நாளில் மொத்த அட்டையையும் மாற்ற வேண்டியிருக்கும். சாவி உறையிலிட்டு நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. மலிவு அட்டை வாங்குபவர்களுக்கும் ஒரு சேதி: 2024 ஆகஸ்டில் பிரான்சின் குவார்க்ஸ்லேப் ஆய்வாளர் பிலிப் டூவென், மைஃபேர் கிளாசிக்குக்கு மாற்றாக இயங்கும் ஷாங்காய் ஃபூடான் நிறுவனத்தின் சில்லு ஒன்றில் தயாரிப்பிலேயே வைக்கப்பட்ட பின்கதவுச் சாவியைக் கண்டுபிடித்தார்.

ரீடரை மட்டும் மாற்றி அதற்குப் பின்னால் போகும் வயரை மறந்துவிடுவது இத்துறையின் பழக்கமாகிவிட்ட சோம்பல். சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் வீகண்ட் இணைப்பு. இரண்டு கம்பி, ஒருவழித் தகவல், மறையீடே இல்லை. ரீடரைக் கழற்றி அந்தக் கம்பியில் விரல்நுனி அளவுச் சாதனத்தை மாட்டினால் கடந்துபோகும் எண்களையெல்லாம் சேமிக்கும். இதற்கு மாற்று ஓஎஸ்டிபி என்ற இணைப்பு முறை. ஆர்எஸ்-485 வழியாக இருவழியில் பேசும், ஏஇஎஸ் காப்பும் உண்டு. 2020இல் சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. அதிலும் காப்பை இயக்குவது பொருத்துபவரின் விருப்பம்! 2023இல் பிஷப் ஃபாக்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் பிளாக் ஹாட் மாநாட்டில் காட்டிய ஓட்டைகளுக்கு இந்த விருப்பத் தன்மையும், பொருத்தும்போது பயன்படும் பொதுச்சாவியும் பெரிய காரணம்.

பழைய அட்டை யாரிடம் கடைசிவரை தங்குகிறது என்று பார்த்தால் இந்த ஏற்பாட்டின் சமூக முகம் தெரியும். நிரந்தர ஊழியர்களுக்குப் புது அட்டை முதலில் போகிறது. ஹவுஸ்கீப்பிங், மின்பணி, காவல், கேன்டீன் ஆட்கள் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. அவர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். பழைய அட்டைக் கட்டு மிச்சமிருக்கிறது, அதையே கொடு என்று முடிந்துவிடுகிறது. ஆனால் கட்டடத்தில் அதிகக் கதவைத் திறக்கும் உரிமை அவர்களுடைய அட்டைக்குத்தான். நிதித்துறை மேலாளர் போகாத சர்வர் அறைக்கும், ஆளில்லாத நேரத்தில் எல்லாத் தளத்துக்கும் போகிறவர்கள் அவர்கள். மிகப் பலவீனமான அட்டைக்கு மிக அதிகமான கதவு. பிறகு ஏதாவது திருட்டு நடந்தால் பதிவேட்டில் நிற்பது அவர்களில் ஒருவருடைய எண். தன் அட்டையை யாரோ நகலெடுத்தார்கள் என்று ஒரு துப்புரவுப் பணியாளர் நிரூபிப்பது நடக்கிற காரியமா? அட்டை மாற்றத்தை இவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு மனிதாபிமானம் பாதிக் காரணம்தான்.

ஆகவே இந்த ரீடரை வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பழைய அலைவரிசையை எந்தத் தேதியில் அணைக்கப்போகிறோம் என்பதை வாங்கும் ஆணையிலேயே எழுதி, ஒவ்வொரு ரீடரையும் மென்பொருள் வழியாகவோ ரீடரின் அமைப்பை மாற்றும் தனி அட்டையாலோ அப்படி அணைக்க முடியும் என்று விற்பவரிடம் நடத்திக் காட்டச் சொல்லி வாங்கலாம். மாதாமாதம் எத்தனை பேர் இன்னும் பழைய அட்டையில் நுழைகிறார்கள் என்ற கணக்கு அட்மின் மேசைக்கு வர வேண்டும். சர்வர் அறை, கணக்கறை போன்ற கதவுகளில் முதல் நாளே பழையதை அணைத்துவிடலாம். அங்கே போகிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்கு முதலில் புது அட்டை கொடுத்தால் போயிற்று.

புதிதாகக் கட்டுபவர்களுக்கோ மாற்ற வேண்டிய பழைய அட்டையே இல்லை. எல்லாம் படிக்கும் ரீடருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. நாற்பது பேர், எட்டுக் கதவு உள்ள சின்ன அலுவலகத்துக்கும் அப்படியே. வெள்ளிக்கிழமை மாலை பழையதை வாங்கி வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை புதியதைக் கொடுத்துவிடலாம். நடுவில் சனிக்கிழமை வேலை பார்க்க வருபவருக்கு வாட்ச்மேன் கதவைத் திறந்துவிடட்டும்.