எட்டுத் தாளுக்குள் இருநூறு

குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு பிந்தினால் ஒரு கட்டுத் தாள் போதும், நாலு பேர் வட்டமாகக் குந்திவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் தோற்ற சோடி சொல்வதும் எங்கும் ஒன்றுதான்: "தாள் வரேல்லை." 304 ஆட்டத்தில் இந்தச் சாட்டு பாதிதான் செல்லும்.

கட்டைப் பாருங்கள். 52 தாளில் இரண்டு முதல் ஆறு வரை களைந்தால் மீதி 32. ஒவ்வோர் இனத்திலும் ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டும் ஏழும் வெறும் தாள். கூட்டினால் 76, நாலு இனத்துக்கும் 304. ராசாவை ஒன்பது அடிக்கும் இந்த வரிசைதான் நெதர்லாந்தின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துரும்புக்கும் வரிசை. அங்கும் ஆசுக்கு 11, பத்துக்கு 10. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயரிட்டவர்கள் ஒல்லாந்தர் என்பதால் உடனே வம்சாவளி எழுத ஆசை வரும். அது வேறு கதை.

நாலு ஜாக், நாலு ஒன்பது: இந்த எட்டுத் தாளிலேயே 200 புள்ளி அடக்கம். முதல் நாலு தாளை மட்டும் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கும் கேள்வி 160இல் தொடங்குகிறது. 304இல் பாதி 152. அதைத் தாண்டிய முதல் பத்து 160. கையில் விழுந்த நாலும் ஜாக்காக இருந்தாலும் 120தான். அதாவது எப்பேர்ப்பட்ட கையும் தன் பலத்தில் மட்டும் கேள்வி கேட்க முடியாதபடி கட்டு அமைந்திருக்கிறது. மீதி நாற்பதுக்கு எதிரே இருக்கும் தன் கூட்டாளியையோ, இன்னும் வராத நாலு தாளையோ நம்பத்தான் வேண்டும்.

ஒரு கையில் ஆடுதன் ஜாக்கும் ஒன்பதும், கிளாவர் ஜாக், டைமன் ஏழு: 80 புள்ளி. இன்னொரு கையில் ஆடுதன் ஜாக், ஒன்பது, ஆசு, பத்து: 71தான். புதியவர் முதல் கைக்குத் துள்ளுவார். நான் இரண்டாவதையே எடுப்பேன். ஆடுதன் துரும்பானால் அந்த நாலையும் அடிக்க யாரிடமும் தாள் இல்லை. வெளியே கிடப்பது ராசா, ராணி, எட்டு, ஏழு. புள்ளி கையில் இருப்பதைவிடப் பிடியில் விழுவதே கணக்கு.

பெரும்பாலான வட்டங்களில் 160ஐ வென்றால் ஒரு காய் வரும், தோற்றால் இரண்டு போகும். மூன்றுக்கு இரண்டு தரமாவது வெல்லாதவர் கேள்வி கேட்பது நட்டம். 250 கேட்டவரோ எதிராளிக்கு 54க்கு மேல் விடக்கூடாது; இரண்டு ஜாக் பறிபோனாலே 60, கேள்வி விழுந்துவிடும். கறுத்துப் பேசிக் கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இதை வேறோர் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் விளையாடும் மேஜிக் அட்டை ஆட்டத்தின் கமாண்டர் வகையில் ஆளுக்கு 100 அட்டை, அடிப்படை நில அட்டைகள் தவிர ஒரே அட்டை இருமுறை வரக்கூடாது. கட்டை அவரவரே தொகுத்துக் கொண்டுவருவதால் காசுள்ளவன் கை ஓங்கும். எந்த அட்டையைத் தடுப்பது என்ற சண்டைக்கும் முடிவில்லை. 304இல் எல்லோருக்கும் ஒரே கட்டு. எதை நீக்குவது என்ற முடிவு மட்டுமே விதி.

அந்த முடிவில் சிக்கல் வருவது ஆட்கள் ஆறாகும்போது. 32ஐ ஆறாகப் பிரிக்க இயலாது. ஏழையும் எட்டையும் எடுத்துவிட்டால் 24 தாள், ஆளுக்கு நாலு. மொத்தம் 304 மாறாது. கேட்க வசதிதான், ஆனால் ஆட்டம் கெடும். எதிராளியின் பிடியில் எறிய வெறும் தாள் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வோர் எறியிலும் புள்ளி கழியும், ஒளித்து ஆட இடமே இராது. அதைவிடக் களைந்த ஆறுகளைத் திரும்பச் சேர்த்து 36 ஆக்கலாம். ஆளுக்கு ஆறு தாள், வெறும் தாள் பன்னிரண்டு, புள்ளி அதே 304.