டிஸ்ஸோவின் நாற்பது அவுன்ஸ் கணக்கு

சுயஇன்பம் உடம்பைக் கெடுக்கும் என்று சொன்ன புத்தகங்களில் அதிக செல்வாக்கு பெற்றது எது என்று கேட்டால், 1760-இல் பிரெஞ்சில் வந்த 'ஓனானிசம்' என்ற நூலைத்தான் சொல்வேன். எழுதியவர் லோசான் நகர மருத்துவர் சாமுவேல் டிஸ்ஸோ. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். டிஸ்ஸோ போலி வைத்தியர் இல்லை. பெரியம்மைத் தடுப்பை ஆதரித்து எழுதியவர். சாதாரண ஜனங்களுக்காக 1761-இல் அவர் எழுதிய மருத்துவக் கையேடு பல மொழிகளுக்குப் போனது. அவருக்கு முன்பே லண்டனில், ஆசிரியர் பெயர் இல்லாமல் 'ஓனானியா' என்று ஒரு புத்தகம் வந்திருந்தது. அது பாவம் என்று பயமுறுத்திவிட்டு, கையோடு மருந்தும் விற்றது. டிஸ்ஸோ அதை வெறும் குழப்பம் என்று ஒதுக்கிவிட்டு, மருத்துவம் பேசப்போகிறேன் என்றார். சிக்கலே அங்கேதான். பழைய பயம் அப்படியே இருந்தது, அதற்கு ஒரு நல்ல டாக்டரின் கையெழுத்தும் கிடைத்துவிட்டது.

அவர் வாதத்தின் அடித்தளம் ஒரு எண். ஒரு அவுன்ஸ் விந்து இழப்பது 40 அவுன்ஸ் ரத்தம் இழப்பதைவிட மோசமாகப் பலவீனப்படுத்தும் என்கிறார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தடவை வெளியேறுவது சுமார் 3 மில்லி என்று வையுங்கள். நாற்பதால் பெருக்கினால் 120 மில்லி ரத்தம். வாரம் மூன்று தடவை என்றால் 360 மில்லி. நம்ம ஊர் ரத்த தான முகாமில் ஒருவரிடம் எடுப்பது 350 மில்லி. அடுத்து எடுக்க ஆண்களுக்கு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். டிஸ்ஸோ கணக்குப்படி கோடிக்கணக்கான ஆண்கள் வாராவாரம் ஒரு யூனிட் ரத்தம் கொடுத்துக்கொண்டு ஆபீஸ் போய் வருகிறார்கள்! 1948-இல் அமெரிக்காவில் கின்சி வெளியிட்ட ஆய்வில் 92 சதவீத ஆண்களுக்கு இந்த அனுபவம் இருந்தது. விந்தில் பெரும்பகுதி தண்ணீர். கூடவே கொஞ்சம் சர்க்கரை, புரதம், துத்தநாகம். உடம்பு அதை ரத்தத்தைக் காய்ச்சி வடித்துச் செய்வதில்லை.

அடுத்தது அவருடைய ஆதாரங்கள். நூலில் மறக்க முடியாத கேஸ், எலும்பும் தோலுமாகி, நினைவு தப்பி, செத்துப்போன ஒரு இளம் கடிகாரத் தொழிலாளி. படிக்கும்போது மனசு கனக்கிறது. ஆனால் அவனுக்கு வேறு நோய் இல்லை என்று டிஸ்ஸோவுக்கு எப்படித் தெரியும்? காசநோய்க் கிருமியையே 1882-இல்தான் கோக் கண்டுபிடித்தார். இதே பழக்கம் இருந்தும் நன்றாக இருந்தவர்கள் டாக்டரிடம் வரவே மாட்டார்கள். கிராஷ் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மென்பொருள் ஓடவே ஓடாது என்று முடிவு கட்டுவது போலத்தான் இது.

இதைவிட முக்கியமான ஒன்றை டிஸ்ஸோ பார்க்கவில்லை. அவருக்குப் பல நாடுகளிலிருந்து நோயாளிகள் கடிதம் எழுதினார்கள். பயந்தவனுக்குத் தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும், உடம்பு அசதியாக இருக்கும். அதைப் பார்த்து, புத்தகத்தில் எழுதியது சரிதான் என்று இன்னும் பயப்படுவான். அந்தப் பயத்தோடு வருகிறவன் டாக்டர் கையில் இன்னொரு சாட்சியாகிவிடுவான். நூல் தனக்கான ஆதாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் வட்டம் இது.

நம்மிடமும் 40 உண்டு. நாற்பது துளி ரத்தம் சேர்ந்தால் ஒரு துளி விந்து என்று கேட்டிருப்பீர்கள். ஆயுர்வேதத்தின் ஏழு தாதுக்களில் சுக்கிலம் கடைசி என்ற கருத்தை ஒட்டி வளர்ந்தது அது. டிஸ்ஸோவிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'நரம்புத் தளர்ச்சியா?' என்று கேட்டு, எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் சந்திக்கலாம் என்று போடும் விளம்பரங்கள் ஓடுவது அதே வட்டத்தில்தான். விந்து போகிறதே என்ற கவலையால் வரும் இந்த அவதிக்கு 1960-இல் மனநல மருத்துவர் விக் 'தாத் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கவேண்டிய பையன் லேகியத்துக்குப் பணம் கட்டுகிறான். உண்மையான நஷ்டம் இதுதான்.

எதிர்ப்பக்கத்தையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். 2016-இல் 31,925 அமெரிக்க ஆண்களை வைத்து வந்த ஆய்வில், மாதம் 21 தடவையோ அதற்கு மேலோ விந்து வெளியேறியவர்களுக்கு, 4 முதல் 7 தடவை என்றவர்களைவிட புராஸ்டேட் புற்றுநோய் சுமார் 20 சதவீதம் குறைவு. தாம்பத்தியமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். இது தொடர்பு மட்டுமே. காரணம் என்று நிரூபணமாகவில்லை. இதை மருந்துச் சீட்டாக்கினால் நாமும் டிஸ்ஸோதான்.

அப்படியென்றால் பிரச்சினையே கிடையாதா? உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக்கு இடம் இருக்கிறது. அங்கே எத்தனை தடவை என்று கேட்பதில்லை. பல மாதங்களாக நிறுத்த முயன்றும் முடியாமல் வேலை, படிப்பு, உறவு கெடுகிறதா என்பதுதான் கேள்வி. தப்பு செய்கிறோமே என்ற உறுத்தல் மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது என்றும் தெளிவாகச் சொல்கிறது.

குறைக்க நினைப்பவர்கள், எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை அந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். தனிமையா, தூக்கமின்மையா, ஆபீஸ் டென்ஷனா என்று தெரிந்துவிடும். படுக்கைக்குப் போனைக் கொண்டுபோகாதீர்கள். ஒருநாள் தவறினால் எல்லாம் போச்சு என்று நாள் எண்ண வேண்டாம். அந்தக் குற்ற உணர்வே அடுத்த தடவைக்குத் தள்ளும். அப்படியும் முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர்கள் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.