மார்தட்டும் கல்லூரிகள்

போர்முனைக்குச் சென்ற இளைஞன் பாட்டெழுதினால் யாரைச் சாடுவான்? பகைவனை என்போம். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்து ஐரோப்பா சென்ற வில்சன் என்ற மாணவர் தம் கல்லூரிக்கென ஒரு போர்ப்பாட்டு யாத்தார். அதில் வசை வாங்குவது ஜெர்மானியர் அல்லர். சொந்த மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகம்! டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரிக்கும் ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் 1894 முதல் அமெரிக்கக் கால்பந்தாட்டப் பகை. 2012 முதல் 2023 வரை இரண்டும் களத்தில் சந்திக்கவேயில்லை. பாட்டு மட்டும் ஓயவில்லை.

ஆட்டக்களப் பகை எங்கும் உள்ளதுதான். இங்கே அது இராணுவச் சீருடை அணிந்து நிற்கிறது. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலக்கொடை பெற்ற கல்லூரிகள் உழவோடும் பொறியியலோடும் போர்ப்பயிற்சியையும் கற்பிக்கவேண்டும். அவ்வாறு 1876இல் பிறந்த ஏ அண்டு எம்மில் படைப்பயிற்சி 1965 வரை கட்டாயம். இரண்டாம் உலகப் போருக்கு அது அனுப்பியவர் 20,000க்கு மேல். அவர்களில் அதிகாரிகள் 14,000க்கு மேல். ஆண்டுதோறும் ஏப்ரல் 21இல் மறைந்தோர் பெயரை அழைக்க, நண்பரோ உறவினரோ எழுந்து ‘உள்ளேன்’ என்று விடையிறுக்கிறார். உள்ளத்தைத் தொடும் சடங்கு அது. நடுகல் நட்டவர் வழிவந்த நாம் அதை எள்ளி நகையாட மாட்டோம்.

நம் சினமெல்லாம் அந்தப் பெருமிதத்தைச் சந்தைப்பொருளாக்கிய படத்தின்மீது. ‘வீ ஹேவ் நெவர் பீன் லிக்டு’, அதாவது ‘நாம் என்றும் தோற்றதில்லை’, என்பது அதன் பெயர். அக்கல்லூரி வளாகத்திலேயே எடுக்கப்பட்டு 1943இல் வெளிவந்தது. தோழர்களால் துரோகி என்று வெறுக்கப்படும் மாணவன், ஜப்பானியர் பக்கம் சாய்ந்தவன்போல் நடித்து, முடிவில் விமானத்தை அவர்களது விமானந்தாங்கிக் கப்பல்மீது மோதி மாள்கிறான். அணிவகுப்பும் விடுதிக் குறும்பும் மெய்யாகவே அழகு. ஆனால் கதை? உடன்பயிலும் ஜப்பானிய மாணவர் ஒற்றராம்! வெள்ளை மாணவனுக்குத் தன்னை மெய்ப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு. முகத்தோற்றமே குற்றப்பத்திரிகையான மாணவனுக்கு அதுவும் இல்லை.

அடுத்த ஆண்டே இக்கதைக்கு வரலாறு மறுப்பெழுதியது. 1944 அக்டோபரில், பிரெஞ்சு நாட்டின் வோஷ் மலைக்காட்டில், டெக்சாஸ் தேசியக் காவற்படையிலிருந்து உருவான பட்டாளம் ஒன்று ஜெர்மானியர் முற்றுகையில் சிக்கிற்று. எஞ்சிய 211 பேரை மீட்டது யார்? 442ஆம் படைப்பிரிவு, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியப் பிள்ளைகளின் பிரிவு! மாண்டோரும் காயமுற்றோருமாக அவர்கள் இழந்தது, மீட்ட தலைகளைவிடப் பன்மடங்கு. அவர்களுள் பலருடைய பெற்றோர் அப்போது எங்கே? தாய்நாட்டிலேயே, முள்வேலி முகாமில்!

வரலாறு கற்பிப்பவனாதலால் எனக்கொரு பழக்கம், தோழர்களே. ‘எத்தனை பேர்’ என்று யாராவது மார்தட்டினால், ‘யாரை எண்ணினீர்கள்’ என்று கேட்பேன். அந்த 20,000 பேரில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. கல்லூரி வாயிலே அவர்களுக்கு அடைபட்டிருந்தது. அவர்களுக்கென அதே 1876இல் பிரெய்ரி வியூவில் தனிக் கல்லூரி. நிருவாகம் மட்டும் ஏ அண்டு எம்முடையது! எதிரணி உயர்ந்ததா? ஹெமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர் 1946இல் சட்டம் பயில மனுச் செய்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகம் மறுத்தது. 1950இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பிறகே கதவு திறந்தது. ஆடுகளத்தில் முட்டிமோதிய இருவரும் இந்த ஓர் ஆட்டத்தில் ஒரே அணி!

படம் கற்பனை வீரனைத் தேடி அலைந்த அதே மாநிலத்தில், வேகோ ஊரில், ஓர் உழவர் குடும்பத்துப் பிள்ளை பிறந்திருந்தான். பெயர் டோரிஸ் மில்லர். கறுப்பினத்தவன் என்பதால் கடற்படை அவனுக்கு ஈந்தது சமையற்கூட ஏவலாள் வேலை. 1941 டிசம்பர் 7இல், பேர்ல் துறைமுகத்தில் குண்டுமாரி பொழிந்தபோது, காயமுற்ற கப்பல்தலைவரை அகற்ற உதவினான். பயிற்சியே தரப்படாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியை இயக்கினான். 1942இல் ‘நேவி கிராஸ்’ பதக்கம் அவன் மார்பில் ஏறிற்று. படம் வெளிவந்த 1943ஆம் ஆண்டின் நவம்பரிலேயே, அவன் பணியாற்றிய கப்பல் தாக்குண்டு மூழ்க, மடிந்தான்.

வேகோவிலிருந்து அந்தக் கல்லூரிக்கு நூறு மைல்கூட இல்லை. கறுப்பின மாணவர் அங்கே முதன்முதலாகச் சேர்ந்தது 1963இல்.