உரை ஒப்புமை அளவீடும் தமிழும்: ஒரு விமர்சனம்

இரண்டு உரைகள் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதை ஓர் எண்ணாகத் தரும் நிரல்முறை உரை ஒப்புமை அளவீடு எனப்படும். நகலெடுத்த கட்டுரையைக் கண்டுபிடிக்கவும், எழுத்துப்பிழை திருத்தவும், இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கவும் இது பயன்படுகிறது. இம்முறைகளை வகுத்தவர்கள் தமிழை மனத்தில் வைத்து வகுக்கவில்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை. அவற்றைத் தமிழ் உரைமேல் அப்படியே ஓட்டி, வரும் விழுக்காட்டைத் தீர்ப்பாக வாசிக்கும் பழக்கத்தைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

முதுகுளத்தூர்ப் பக்கம் மாணவர் கட்டுரைப் போட்டி ஒன்றில் நானும் ஒரு நடுவராக இருந்தேன். கண்மாய்களைப் பற்றிய கட்டுரைகள். தட்டச்சு செய்து வந்தவற்றை ஒரு சிறு பைத்தான் நிரலில் போட்டதில், இரண்டு மாணவியரின் கட்டுரைகள் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஒன்று என்று வந்தது. இருவரையும் நீக்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. வாசித்துப் பார்த்தால், ஒருத்தி மடை திறக்கும் முறையை எழுதியிருந்தாள். மற்றவள் சீமைக்கருவேலம் மண்டிய கதையை எழுதியிருந்தாள். பிறகுதான் நிரலைத் திறந்து பார்த்தோம்.

அந்த நிரல் ஜக்கார்டு கெழுவைக் கணக்கிட்டது. இரண்டு தொகுப்புகளுக்கும் பொதுவான உறுப்புகளின் எண்ணிக்கையை, இரண்டிலும் சேர்ந்து உள்ள மொத்த வகைகளின் எண்ணிக்கையால் வகுப்பது இதன் முறை. பால் ஜக்கார்டு என்ற சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் 1901-இல் ஆல்ப்ஸ் மலைத் தாவரங்களை ஒப்பிட்டபோது எழுந்தது. (மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.) கெழுவில் தவறில்லை, எதை உறுப்பாகக் கொண்டார்கள் என்பதில்தான் தவறு. பைத்தானில் ஓர் உரையை நேரடியாகக் கணமாக மாற்றினால் சொற்கள் கிடைக்காது. தனித்தனி ஒருங்குறிக் குறிகள்தான் கிடைக்கும். ஒருங்குறியின் அடிப்படைத் தமிழ்ப் பகுதியில் மொத்தம் 72 குறிகளே உள்ளன. ஒரு பக்கம் எழுதினால் யார் எழுதினாலும் ஏறக்குறைய அதே குறிகள்தான் வரும். கண்மாய்க் கட்டுரைக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையை வைத்திருந்தாலும் அந்த நிரல் நகல் என்றுதான் சொல்லியிருக்கும்.

எழுத்தும் குறியும்

முதுகுளத்தூர் என்ற பெயரில் ஏழு எழுத்துகள் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பைத்தான் 13 என்கிறது. 'கு' என்பது அதற்கு ககரமும் உகரக் குறியுமாக இரண்டு. நம் இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்தால் ககரம். ஒருங்குறியிலோ ககரத்தின்மேல் புள்ளி வைத்தால்தான் மெய். தலைகீழ்.

இது கணக்கை எப்படிக் கெடுக்கிறது என்பதற்குப் பள்ளி, பல்லி என்ற இரண்டு சொற்கள் போதும். சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965-இல் வெளியிட்ட திருத்தத் தொலைவு முறையில், ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை மாற்றம் வேண்டும் என்று எண்ணுகிறோம். எழுத்தாக எண்ணினால் மூன்றில் இரண்டு மாறுகின்றன. ஒப்புமை 33 விழுக்காடு. குறியாக எண்ணினால் ஐந்தில் இரண்டு, ஒப்புமை 60. புள்ளியும் இகரக் குறியும் பொருந்தியதற்குக் கிடைத்த இனாம் மதிப்பெண் அது.

ஓப்பன்-தமிழ் என்ற திறந்தமூல பைத்தான் தொகுப்பில் உரையை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் செயற்கூறு இருக்கிறது. முதலில் அதில் பிரித்துவிட்டுப் பிறகு ஒப்பிடுவதே முறை. அதற்கும் முன்னால் ஒருங்குறி இயல்பாக்கம் செய்ய வேண்டும். 'கொ' என்பதை ஒற்றை ஒகரக் குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இயல்பாக்கம் இதைச் சரிசெய்யும். ஔவையை ஒகரமும் ளகரமும் போட்டுத் தட்டச்சு செய்திருந்தால் அது செய்யாது. தனியாகத்தான் திருத்த வேண்டும்.

பைத்தானுடன் வரும் டிஃப்லிப் தொகுப்பை நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 200 உறுப்புகளோ அதற்கு மேலோ உள்ள உரையில், ஒரு விழுக்காட்டுக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் உறுப்பைப் பொருத்தம் தேடும்போது அது தானாகவே ஒதுக்கிவிடும். குறிகளாக ஒப்பிட்டால் புள்ளி, தகரம், ககரம் எல்லாம் ஒதுங்கிவிடும். அப்பட்டமான நகலில்கூடச் சில சொற்களை மாற்றியிருந்தால் எண் தாறுமாறாக இறங்கக்கூடும். ஆட்டோஜங்க் என்ற அந்த அமைப்பை அணைத்துவிட வேண்டும். இரண்டு உரைகளை இடம் மாற்றிக் கொடுத்தால் விடை மாறலாம் என்பதையும் அதன் ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

சொல்லாக எண்ணினால்

எழுத்தை விட்டுச் சொல்லுக்கு வந்தால் தீர்ந்ததா? "ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது" என்பது முதல் தொடர். "ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது" என்பது இரண்டாவது, செய்தி அதேதான். சொற்கணத்தில் ஜக்கார்டு கெழு பத்துக்கு நான்கு, அதாவது 40 விழுக்காடு. இப்போது முதல் தொடரின் கடைசிச் சொல்லை மட்டும் "பெறவில்லை" என்று மாற்றுங்கள். எட்டுக்கு ஆறு, 75 விழுக்காடு. உண்மையைச் சொல்லும் தொடரைவிடப் பொய் சொல்லும் தொடர் நெருக்கமாகிவிட்டது. வேற்றுமை உருபும் சந்தியும் சொல்லோடு ஒட்டும் மொழியில் இப்படித்தான் நடக்கும். உருபைக் கழித்து வேர்ச்சொல்லுக்குப் போனால் முதல் கோளாறு குறையும். இரண்டாவது அப்படியே நிற்கும். வாக்கியத்தை எண்வரிசையாக்கிப் பொருள் நெருக்கம் பார்க்கும் இன்றைய மொழி மாதிரிகளும் எதிர்மறையில் அடிக்கடி சறுக்குகின்றன.

ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் எதுகைக்காகக் குறட்பாக்களைத் திருத்தி அச்சிட்டார், பாண்டித்துரைத் தேவர் அந்தப் படிகளை எல்லாம் விலைக்கு வாங்கி அழித்தார் என்று எங்கள் மாவட்டத்தில் சொல்வார்கள். அப்படி எழுத்து சில மாறிய குறளுக்குத் திருத்தத் தொலைவு முறை தாராளமாக மதிப்பெண் போடும். தேவர் போடவில்லை.

அளவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ல, ள, ழ மயங்கிய பிழைகளைப் பிடிக்கப் பள்ளியும் பல்லியும் அருகில் இருப்பதே நல்லது. அங்கே அந்த மாற்றத்துக்குக் குறைந்த தொலைவு கொடுக்கலாம். பொருளை ஒப்பிடும் இடத்தில் அதே சலுகை ஆபத்து. எதற்காக அளக்கிறோம், எதை அலகாகக் கொண்டோம் என்ற இரண்டையும் எழுதாமல் விழுக்காட்டை மட்டும் அறிவிப்பது, மொத்த மதிப்பெண் சொல்லாமல் "உன் பிள்ளை நாற்பது வாங்கினான்" என்பது போல.

எங்கள் போட்டியில் உரையை இயல்பாக்கி, அடுத்தடுத்த மூன்று சொற்களை ஒரு கோவையாகக் கொண்டு மறுபடி ஓட்டினோம். அந்த இரு மாணவியருக்கும் பொதுவாக நின்றவை சில கண்மாய்ப் பெயர்த் தொடர்கள் மட்டும்; இருவரும் பட்டியலுக்குத் திரும்பினார்கள். முதல் ஓட்டத்தில் யாரும் கவனிக்காத வேறு இரண்டு கட்டுரைகள் மேலே வந்தன. எடுத்து வாசித்தோம். பத்தி பத்தியாக ஒன்றே, பிழைகள் உட்பட.