பாட்டு யாருடைய பேரில்?
'எஞ்சாமி'யும் எதிர்ப்பிசையின் சந்தையும்

எதிர்ப்பு விற்பனைப் பண்டமாகுமா என்ற வினா இசையுலகில் புதியதல்ல. 1970களின் நடுப்பகுதியில் லண்டனில், வேலையற்ற இளைஞர்களின் சினத்திலிருந்து எழுந்தது 'பங்க்' இசை. முறையான பயிற்சி தேவையில்லை, பெரிய கம்பனி தேவையில்லை, சொல்ல ஒரு கோபம் இருந்தால் போதும் என்பதே அதன் கொள்கை. அந்தக் கோபத்தின் பின்கதையை நாம் அறிவோம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் இசைத்தட்டு உறைப் படங்களை 2015இல் வேர்ஜின் மணி நிறுவனம் தன் கடனட்டைகளில் அச்சிட்டது. 1986இல் கலைந்துபோன த கிளாஷ் குழுவின் பழைய பாட்டொன்று, 1991இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் ஒலித்த பிறகே பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பெற்றது.

அமெரிக்காவின் டெட் கென்னடிஸ் குழுவின் கதை இன்னும் சிக்கலானது. அவர்களது பாட்டொன்றை லீவைஸின் டொக்கர்ஸ் விளம்பரத்துக்குக் கேட்டபோது பாடகர் ஜெலோ பியாஃப்ரா மறுத்தார். 1998இல் மற்ற உறுப்பினர்கள் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். தாம் மறுத்ததே வழக்கின் காரணம் என்றார் அவர். தமக்குச் சேர வேண்டிய பணமே பிரச்சினை என்றார்கள் மற்றவர்கள். 2000இல் நடுவர் குழு பியாஃப்ராவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கொள்கைக்காக விளம்பரத்தை மறுத்தவரும் கணக்கு விடயத்தில் தப்பவில்லை. இதை மனதிற் கொண்டே நமது கதைக்கு வர விரும்புகிறேன்.

தமிழில் பங்க் இசைக்கு மிக நெருங்கி வந்தது 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசைத் தலைமையில் உருவாகி, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பெயரைப் பெற்று, கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்திய குழு அது. சாவு வீட்டோடு ஒதுக்கி வைக்கப்பட்ட வாத்தியத்தைச் சபைக்குக் கொண்டு வந்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் குழுவில் தெரிய வந்த பாடகர்தான் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு.

2021 மார்ச் 7இல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளியானது. ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவுடன் தொடங்கப்பட்ட 'மாஜ்ஜா' அதை வெளியிட்டது. சில வாரங்களில் யூடியூப்பில் அதன் பார்வைகள் கோடிகளாயின. அதை உலகமே ஆடிப் பாடியது. நம்மில் எத்தனை பேர் அதன் வேரைத் தேடினோம்?

அந்தப் பாட்டின் வேர் இங்கே இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின்னர் தமிழகம் திரும்பியவர். அவர் சொன்ன கதையிலிருந்தே பாட்டு பிறந்தது என்று அறிவு கூறியிருக்கிறார். காட்டை அழித்துத் தோட்டம் போட்டவனுக்கு ஒரு முழம் நிலமும் சொந்தமில்லை என்பதே அதன் சாரம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாலும், 1964 ஒக்டோபரில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தாலும் சிதறிய மக்களின் பேரன் பாடிய பாட்டு அது. ஹட்டனிலும் நோர்வூட்டிலும் முச்சக்கர வண்டிகளில் அது ஒலித்தபோது, கடல் தாண்டிப் போன ஒரு குரல் திரும்பி வந்தது எனலாம்.

'எஞ்சாமி' என்ற விளியையும் கவனிக்க வேண்டும். நிலமற்றவன் நிலமுடையவனைப் பார்த்துக் கைகட்டிச் சொன்ன 'சாமி'யும், லயத்து வாசலில் பேரப்பிள்ளையை மடியிலிட்டுக் கிழவி கொஞ்சும் 'என் சாமி'யும் ஒரே சொல்தான். அடிமைத்தனத்தின் சொல்லை அன்பின் சொல்லாக மீட்டெடுத்ததே இப்பாட்டின் கவித்துவ வெற்றி. ஒப்பாரியின் இழுவையும் ராப்பின் வேகமும் அதில் துருத்தி நிற்காமல் இணைந்திருப்பதற்கும் இதுவே காரணம். இரண்டும் நேருக்கு நேர் பேசுகின்ற வடிவங்கள். ஆனால் காட்சிப்படத்தின் வர்ணப் பகட்டு இந்தத் துயரத்தைத் திருவிழாவாக்கி விடுகிறது என்பது என் அபிப்பிராயம். எங்கள் பாடசாலை விழாவில் பிள்ளைகள் இதற்கு ஆடினார்கள். இது உங்கள் கொள்ளுப்பாட்டிமாரின் கதை என்று வகுப்பில் சொன்னபோது அவர்கள் முகத்தில் வியப்பே தெரிந்தது. தாளம் வந்து சேர்ந்திருந்தது. சேதி வழியிலேயே இறங்கிவிட்டிருந்தது.

பாட்டு புகழடைந்த பின் நடந்தவை பலரும் அறிந்தவை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றார்கள், அறிவு இல்லை. அவர் மீண்டும் மறைக்கப்பட்டார் என்று ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்த பின்னரே அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில், மெட்டையோ ஒரு சொல்லையோ எவரும் தமக்குத் தரவில்லை என்று அறிவு எழுதினார். அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்றும், இசையமைப்பு தம்முடையது என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதிலளித்தார். அதே சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில், மூன்றாண்டுகளாகியும் தம் மூவருக்கும் இப்பாட்டால் ஒரு சதமும் வரவில்லை என்றார். மாஜ்ஜா தரப்பு அதை ஏற்கவில்லை.

இதில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பளிக்க விமர்சகன் நீதவான் அல்ல. தீயின் குரலின்றி இப்பாட்டு இப்படி அமைந்திராது. மாரியம்மாளும் மண்ணின் பாடகியே. என் அக்கறை வேறு. பியாஃப்ராவுக்குத் தன் பாட்டை விளம்பரத்துக்குத் தரமாட்டேன் என்று சொல்லும் இடமாவது இருந்தது. வள்ளியம்மாளின் கதை எந்த மேடையில், யார் வாயால், யார் முன்னிலையில் ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் இடம் அந்தப் பேரனுக்கே உறுதியாக இருக்கவில்லை. பாட்டு சந்தைக்குப் போனதை நான் குறையாகச் சொல்லவில்லை. சந்தையில்லாமல் அது எங்கள் தோட்டத்துக்கு வந்திராது. போகும் வழியில் பாடியவன் தவறிப்போனதே குறை.

இந்தக் குறை மலையகத்துக்கு மிகப் பழகியது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சிரிக்கும் பெண்ணின் படம் தேயிலைப் பெட்டியிலும் உல்லாசப் பயணத்துறைச் சுவரொட்டியிலும் எத்தனையோ காலமாக இருக்கிறது. அவள் பெயரை எவராவது அச்சிட்டதுண்டா? சிலோன் டீ என்ற பெயர் உலகமறிந்தது. அவள் பெயர் அடுத்த டிவிசனுக்கும் தெரியாது. 'எஞ்சாமி' வெளியான அதே 2021 மார்ச்சில்தான், நெடுங்காலப் போராட்டத்தின் பின் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. பாட்டைக் கேட்டு ஆடிய உலகத்துக்கு அந்தச் செய்தி எட்டவேயில்லை.

வெளியாரை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் பலவும் அழிந்திருக்கும். அவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் அவருக்குப் பின் வந்த நாம், கிழவிமாரிடம் ஒப்பாரியையும் தாலாட்டையும் கேட்டு எழுதி, 'நாட்டார் பாடல்' என்ற தலைப்பின் கீழ் பாடியவள் பெயரின்றியே அச்சேற்றுகிறோம். ஆசிரியர் கலாசாலை ஒப்படைகளிலும் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் இதுவே வழமை. பாட்டு மக்களுடையதென்றால் அது எவருக்கும் சொந்தமில்லை என்று பொருள் கொள்வது வசதியான பொய். கம்பனி பெரிய அளவில் செய்வதை நாம் சிறிய அளவில் செய்கிறோம்.

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று ஆளின் பெயர். மற்றது ஒரு நாட் சம்பளம். எடை குறைந்தால் 'அரைப் பேர்' என்பார்கள். செக்றோலில் பேர் விழாவிட்டால் சம்பளமில்லை என்பது கொழுந்தெடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த பாடம். பெயரும் கூலியும் ஒன்றுதான் என்பதை அந்த மக்கள் மொழியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டத்தரணியும் எனக்கு விளக்கியதில்லை.

2024இல் அறிவு வெளியிட்ட இசைத் தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. அதன் கலைத்தரம் பற்றித் தனியே எழுத வேண்டும். இப்போதைக்கு அந்தத் தலைப்பே போதும். அட்டையிலிருந்தும் மேடையிலிருந்தும் தவறிப்போனவர் தம் பெயரைத் திருப்பிக் கேட்கும்போது, முதலில் பாட்டியின் பெயரைப் பதிந்திருக்கிறார். நமது சஞ்சிகைகளும் இனி ஒரு பாடலை அச்சிடுகையில், அதைப் பாடியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் முதல் வரியில் போடட்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.